ஏட்டில் ஏறிய இளமுகங்கள்

குழந்தையைப் பாடுவதற்கென்றே ஓர் இலக்கிய வகையைப் படைத்துக்கொண்ட மொழி நம் மொழி. குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துக் காண்பது பிள்ளைத்தமிழ். செங்கீரை ஆடுவதும், சப்பாணி கொட்டுவதும், அம்புலியை அழைப்பதும், சிறுபறை முழக்குவதும், சிறுதேர் உருட்டுவதும் அப்பருவங்களுள் அடங்குவன. ஆனால் உலக வரலாற்றில் சிறுதேர் உருட்ட வேண்டிய வயதில் நிலக்கரியிலிருந்து கல் பொறுக்கிய பிள்ளைகளும் இருந்திருக்கின்றனர். சிற்றில் இழைத்து விளையாட வேண்டிய வயதில் பஞ்சாலையில் இழை முடிந்த சிறுமியரும் இருந்திருக்கின்றனர். அவர்களைப் பாடப் புலவர் எவரும் வரவில்லை. படம் பிடிக்க ஒருவர் வந்தார். 1908ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆலைகளையும் சுரங்கங்களையும் வயல்களையும் காமிராவும் கையுமாகச் சுற்றித் திரிந்த லூயிஸ் விக்ஸ் ஹைன் என்பவரே அவர்.

ஹைனின் கறுப்பு வெள்ளைப் படங்கள் குழந்தைத் தொழிலை எதிர்த்த இயக்கத்திற்குப் பெருந்துணையாயின என்பது பலரும் அறிந்த செய்தி. நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்டது அதனோடு தொடர்புடைய மற்றொரு வினா. அப்படங்களின் வலிமை எங்கே இருந்தது? ஒளியிலும் நிழலிலும் மட்டுமா இருந்தது? படத்தின் அடியில் அவர் எழுதிவைத்த பெயரிலும் வயதிலும் ஊரிலும் நாளிலும் அதன் பெரும்பகுதி இருந்தது என்பது நம் கருத்து. அதனைச் சான்றுகளுடன் காண்போம்.

முன்னோர் இருவர்

வறுமையுற்ற பிள்ளைகளைப் படம் பிடித்து உலகிற்குக் காட்டும் வழக்கம் ஹைனுக்கு முன்பே தோன்றியதாகும். இலண்டன் மாநகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லங்கள் நடத்திய தாமஸ் பர்னார்டோ, 1870களில் தம் இல்லத்திற்கு வந்த பிள்ளைகளைப் படமெடுக்கச் செய்தார். இல்லத்தில் சேருமுன் இருந்த கோலம் ஒன்று, சேர்ந்தபின் இருக்கும் கோலம் ஒன்று என இரண்டு படங்களை இணைத்து அட்டைகளாக விற்று நிதி திரட்டினார். முதற்படத்தில் கந்தலும் அழுக்குமாக நிற்கும் பிள்ளை அடுத்த படத்தில் தூய ஆடை அணிந்து தொழில் பழகும். அவர்மீது எழுந்த குற்றச்சாட்டுகளை 1877இல் நடுவர்கள் விசாரித்தபோது, சில படங்களில் பிள்ளைகளின் கோலம் வேண்டுமென்றே புனையப்பட்டது என்பது வெளிப்பட்டது. பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். ஆயினும் படத்தைப் புனைந்த செயலை நடுவர்கள் கண்டித்தனர். நோக்கம் நன்றாயினும், இரக்கத்தைத் தூண்டுவதற்காகப் படம் பொய் சொல்லலாகாது என்ற நெறி அங்கே முளைவிட்டது எனலாம்.

இரண்டாமவர் ஜேக்கப் ரீஸ். டென்மார்க்கில் பிறந்து, 1870இல் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்து, நியூயார்க் நகரில் காவல்துறைச் செய்தியாளராகப் பணியாற்றியவர். அந்நகரின் சேரிக் குடியிருப்புகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1890இல் வெளிவந்தது. வெளிச்சம் புகாத அறைகளில் மின்னல்போல் எரியும் மக்னீசியப் பொடியைக் கொளுத்தி அவர் எடுத்த படங்கள் நகரத்துச் செல்வரைத் திடுக்கிடச் செய்தன. தெருவோரத்தில் ஒருவர்மீது ஒருவர் சாய்ந்து உறங்கும் சிறுவர்களின் படங்கள் அவற்றுள் புகழ் பெற்றவை. ஆனால் அச்சிறுவர்கள் யார், எந்த ஊர்ப் பிள்ளைகள், பின்னர் என்ன ஆனார்கள் என்று கேட்டால் அப்படங்கள் விடை சொல்வதில்லை. அவர்கள் 'தெருப்பிள்ளைகள்' என்னும் பொதுப்பெயருக்குள் மறைந்துபோயினர்.

ஆசிரியர் கையில் காமிரா

ஹைன் 1874ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷ் என்னும் ஊரில் பிறந்தார். பள்ளிப்படிப்பை முடிக்கும் வயதில் தந்தையை இழந்தார். குடும்பத்தைத் தாங்குவதற்காகத் தொழிற்சாலையிலும் கடையிலும் நாள் முழுதும் உழைத்துச் சொற்பக் கூலி பெற்றார். உழைப்பின் களைப்பை உடலால் அறிந்தவர் என்பதைப் பின்னாளில் அவர் எடுத்த படங்களைக் காண்போர் மறத்தலாகாது. பின்னர்ச் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1901இல் நியூயார்க் நகரப் பள்ளி ஒன்றில் ஆசிரியரானார். பள்ளி நிகழ்ச்சிகளைப் படமெடுக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. காமிரா அவர் கைக்கு வந்த வரலாறு அவ்வளவே.

1904ஆம் ஆண்டு முதல் அவர் எல்லிஸ் தீவிற்குச் சென்று, ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்திறங்கிய குடிபெயர்ந்தோரைப் படமெடுத்தார். மூட்டை முடிச்சுகளோடும் கைக்குழந்தைகளோடும், மொழி புரியாத ஊரில் அடுத்த வரிசை எது என்று தெரியாமல் நின்ற அம்மக்களை, அன்றைய அமெரிக்கர் பலர் இகழ்ச்சியோடு நோக்கினர். ஹைனின் படங்களில் அவர்கள் நேராக நிமிர்ந்து நம்மைப் பார்க்கின்றனர். பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களாகிய நமக்கு அப்படங்களை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

1904ஆம் ஆண்டிலேயே குழந்தைத் தொழிலுக்கு எதிரான தேசியக் குழு நியூயார்க்கில் நிறுவப்பெற்றது. 1900ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, பத்து முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுள் ஏறத்தாழ 17.5 இலட்சம் பேர் கூலி வேலைகளில் இருந்தனர். அவ்வயதினருள் ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. பத்து வயதிற்குக் கீழ்ப்பட்டவர்கள் அக்கணக்கில் சேரவே இல்லை. எண்களை மட்டும் சொன்னால் மக்கள் கேட்டு மறந்துவிடுவர் என்பதை உணர்ந்த குழுவினர் ஹைனை அமர்த்தினர். 1908இல் அவர் ஆசிரியப் பணியைத் துறந்து முழுநேரமும் இப்பணியை மேற்கொண்டார்.

சட்டைப் பொத்தானே அளவுகோல்

அன்றைய படக்கலையின் கருவிகளைச் சற்று நினைத்துப் பார்த்தல் வேண்டும். ஹைன் சுமந்து சென்றது ஐந்து அங்குலத்திற்கு ஏழு அங்குலம் அளவுள்ள கண்ணாடித் தகடுகளில் படமெடுக்கும் பெட்டிக் காமிரா. அதனோடு முக்காலியும், தகடுகளும், மக்னீசியப் பொடியும் வேண்டும். ஒவ்வொரு படத்திற்கும் ஒரு தகட்டைச் செருகி எடுத்து மூடவேண்டும். வண்ணப் படம் அன்று அறவே இல்லாதது அன்று. பிரான்ஸ் நாட்டு லூமியேர் உடன்பிறப்பினர் 1907இலேயே வண்ணத் தகட்டை விற்பனைக்குக் கொணர்ந்தனர். ஆயினும் அதற்கு நெடுநேர வெளிச்சம் தேவைப்பட்டது. இருண்ட ஆலைக்குள் ஓடியாடும் பிள்ளையை எடுக்க அது உதவாது. செய்தித்தாளில் அச்சிடவும் ஏலாது. ஆதலின் கறுப்பு வெள்ளை என்பது ஹைன் அழகு கருதித் தேர்ந்துகொண்ட வழியன்று. காலம் அவருக்குத் தந்த கருவி அது. அதே காலத்தில் படத்தைச் சிறு புள்ளிகளாக்கி எழுத்துடன் சேர்த்து அச்சிடும் முறை மலிவாகப் பரவியிருந்தமையால், அவர் படங்கள் இதழ்களிலும் துண்டு வெளியீடுகளிலும் கண்காட்சி அட்டைகளிலும் ஆயிரக்கணக்கானோரைச் சென்றடைந்தன.

ஆலை முதலாளிகள் அவரை வரவேற்கவில்லை என்று சொல்லவும் வேண்டுமோ? வாயிலில் காவலரைக் கடப்பதற்கு அவர் பல வேடங்கள் புனைந்தார். தீயணைப்புச் சோதனையாளராகச் சென்றார். அஞ்சலட்டை விற்பவராகச் சென்றார். விவிலிய நூல் விற்பவராகச் சென்றார். இயந்திரங்களைப் படமெடுக்க வந்த தொழில்முறைக் கலைஞராகவும் சென்றார். இயந்திரத்தின் அளவு தெரிவதற்காக ஒரு பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்துவதாகச் சொல்லிப் படமெடுத்ததும் உண்டு. உள்ளே விடாத இடங்களில் விடியற்காலையிலும் இரவிலும் வாயிலுக்கு வெளியே காத்திருந்து, வேலை முறை மாறும் நேரத்தில் வெளிவரும் பிள்ளைகளைக் கண்டார்.

இவற்றினும் நாம் கருத்திற்கொள்ளத்தக்கது அவருடைய குறிப்பு முறை. தம் சட்டையின் ஒவ்வொரு பொத்தானும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதை அவர் முன்னரே அளந்து வைத்திருந்தார். பிள்ளை அருகில் நிற்கும்போது எந்தப் பொத்தானுக்கு நேராகத் தலை வருகிறது என்று பார்த்து உயரத்தைக் கணித்துக்கொண்டார். கையைச் சட்டைப்பைக்குள் விட்டு, அங்குள்ள தாளில் பிறர் அறியாமல் குறிப்பெழுதினார். பெயர், வயது, உயரம், செய்யும் வேலை, வேலை நேரம், கூலி, எத்தனை மாதமாக வேலை, பள்ளிக்குச் சென்றதுண்டா என்பனவெல்லாம் அதில் இடம்பெற்றன. வயதை அறியக் குடும்ப விவிலியத்தின் முன்பக்கத்தில் எழுதப்பட்ட பிறந்தநாள் குறிப்புகளையும் தேடினார். 1909இல் பஃபலோ நகரில் நடந்த மாநாட்டில் பேசியபோது, படம் பொய் சொல்லாவிடினும் பொய் சொல்பவர் படம் எடுக்கக்கூடும் என்ற கருத்தை முன்வைத்தார். ஆதலின் தம் படங்களில் திருத்தமோ புனைவோ அணுவளவும் கலவாமல் இருக்கவேண்டும் என்பதில் இருமடங்கு விழிப்பாயிருந்தார். பர்னார்டோவின் பிழை நேர்ந்த இடத்தில் ஹைன் வேலி அமைத்துக்கொண்டார் என்க.

நான்கு காட்சிகள்

அப்படங்களுள் நான்கினை மட்டும் இங்கு எடுத்துக்காட்டுவோம்.

முதலாவது 1908ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் தென் கரோலினா மாநிலத்து லங்காஸ்டர் ஊரின் பஞ்சாலையில் எடுக்கப்பட்டது. நெடிய நூற்புப் பொறியின் வரிசை படத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஓடுகிறது. அதன் அருகில் ஒரு சிறுமி கையைப் பொறியின்மேல் வைத்து நிற்கிறாள். பொறி அவளைவிட உயர்ந்து நிற்கிறது. படத்தை மட்டும் பார்த்தால் ஆலையில் ஒரு சிறுமி என்று சொல்லி நகர்ந்துவிடுவோம். ஹைனின் குறிப்போ, அவள் பெயர் சேடி என்றும், உயரம் 48 அங்குலம் என்றும், அரையாண்டாக வேலை செய்கிறாள் என்றும் கூறுகிறது. 48 அங்குலம் என்பது நான்கடி. அந்த ஓர் எண்ணைக் கேட்ட தாய்மார் தம் வீட்டுப் பிள்ளையை மனத்துக்குள் அளந்து பார்த்திருப்பர்.

இரண்டாவது 1909ஆம் ஆண்டு ஜனவரியில் ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரப் பஞ்சாலையில் எடுத்தது. இரண்டு சிறுவர்கள், ஒருவன் காலில் செருப்புமின்றி, நூற்புப் பொறியின் சட்டத்தின்மேல் ஏறி நிற்கின்றனர். அறுந்த இழையை முடியவும், தீர்ந்த பாபினை மாற்றவும் தரையில் நின்றால் கை எட்டாது. ஆதலால் ஏறி நிற்கின்றனர் என்று குறிப்பு விளக்குகிறது.

மூன்றாவது 1911 ஜனவரியில் பென்சில்வேனியா மாநிலத்துச் சவுத் பிட்ஸ்டன் என்னுமிடத்தில் எடுத்தது. சுரங்கத்திலிருந்து வந்த நிலக்கரி உடைக்கப்பட்டுச் சரிவுகளின் வழியே ஓடிவரும். அச்சரிவுகளின்மேல் குறுக்குப் பலகைகளில் சிறுவர்கள் வரிசை வரிசையாகக் குனிந்தமர்ந்து, கரியோடு கலந்துவரும் கல்லைக் கையால் பொறுக்கி எறிவர். கரித்தூள் மூச்சோடு உள்ளே செல்லும். சில வேளைகளில் மேற்பார்வையாளர் கோலுடன் அருகில் நிற்பார். தூசி மிகுந்து கண் மறைக்கும் நிலையை ஹைன் குறித்துவைத்தார். இங்கே கறுப்பு வெள்ளைப் படம் தனக்குரிய இடத்தைக் கண்டுகொண்டது. கரி படிந்த முகங்களில் கண்களின் வெண்மை மட்டுமே வெளிச்சமாகத் தெரிகிறது.

நான்காவது 1911 பிப்ரவரியில் மிசிசிப்பி மாநிலத்துக் கடற்கரை ஊராகிய பிலக்ஸியில் எடுத்தது. ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இரு கைகளிலும் வாளிகளுடன் நிற்கிறான். அவன் பின்னே மலைபோல் குவிந்துள்ளவை உடைத்துப் போட்ட சிப்பி ஓடுகள். இறால் உரிப்பது அவன் வேலை. சென்ற ஆண்டும் வேலை செய்தான் என்றும், ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் அறியான் என்றும் குறிப்பு சொல்கிறது. வளைகுடாக் கரையின் அத்தகைய கூடங்களுக்கு வடக்கே பால்டிமோர் நகரிலிருந்து குடிபெயர்ந்தோர் குடும்பங்களைப் பருவந்தோறும் அழைத்து வருவது வழக்கம். மொழி அறியாத ஊரில், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து உழைத்தால்தான் கூலி போதும் என்ற நிலை. அச்சிறுவனின் மௌனத்திற்குப் பின்னே ஒரு குடும்பத்தின் இடப்பெயர்ச்சி முழுவதும் நிற்கிறது.

படமும் சட்டமும்

படங்கள் பார்த்தவுடன் சட்டம் பிறந்தது என்று எழுதுவது எளிது. வரலாறு அவ்வாறு நடக்கவில்லை. குழந்தைகள் நலனுக்கென நடுவண் அரசின் தனித்துறை 1912இல் அமைக்கப்பட்டு, ஜூலியா லாத்ராப் அம்மையார் அதன் முதல் தலைவரானார். 1916இல் நடுவண் அரசின் முதல் குழந்தைத் தொழில் சட்டம் நிறைவேறியது. பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டோர் வேலை செய்த ஆலைகளின் பொருள்களும், பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டோர் வேலை செய்த சுரங்கங்களின் பொருள்களும் மாநில எல்லை கடந்து விற்கப்படலாகாது என்று அது விதித்தது.

அச்சட்டம் 1917 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்து ஓராண்டும் நிறையவில்லை. வட கரோலினா மாநிலத்துப் பஞ்சாலைத் தொழிலாளி ஒருவர் தம் இரு மைந்தரின் சார்பில் தொடுத்த வழக்கில், 1918 ஜூன் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சட்டத்தைச் செல்லாததாக்கியது. பிள்ளைகள் உழைக்கும் உரிமை காக்கப்பட்டது என்றனர் வென்றவர்கள். சில ஆண்டுகள் கழித்து அம்மைந்தருள் ஒருவரைக் கண்டு பேசிய செய்தியாளரிடம், அவ்வெற்றியால் தமக்குக் கிடைத்த பயன் ஏதுமில்லை என்றும், கல்வியை இழந்ததே மிச்சம் என்றும் அவர் வருந்தினார். வரி வழியாகக் கட்டுப்படுத்த முயன்ற 1919ஆம் ஆண்டுச் சட்டமும் 1922இல் வீழ்ந்தது. 1924இல் முன்மொழியப்பட்ட அரசியல் சட்டத் திருத்தம் போதிய மாநிலங்களின் ஒப்புதலைப் பெறவில்லை. 1938ஆம் ஆண்டில்தான் நியாயமான தொழில் தரச் சட்டம் நிறைவேறி நிலைத்தது. 1941இல் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது.

இடைப்பட்ட காலத்தில் உழைக்கும் பிள்ளைகளின் தொகை 1920இல் ஏறத்தாழ 10.6 இலட்சமாகவும், 1930இல் ஏறத்தாழ 6.67 இலட்சமாகவும் குறைந்தது. கட்டாயக் கல்விச் சட்டம் 1918க்குள் எல்லா மாநிலங்களிலும் வந்துவிட்டமையும், சிறுவர் செய்த வேலையைச் செய்யப் புதிய இயந்திரங்கள் வந்தமையும் இதற்குக் காரணங்களாம். படத்தால் மட்டும் விளைந்த பயன் என்று கூறுதல் மிகையாகும். ஆனால் முப்பது ஆண்டுகள் நீடித்த அந்தப் போராட்டத்தில், அவ்வாறான பிள்ளைகளே இல்லை என்று எவரும் மறுக்க முடியாதபடி ஊரும் நாளும் பெயருமாகச் சான்று இருந்தது. இரக்கம் சில நாளில் ஆறிவிடும். பதிவு ஆறாது.

ஒரு குறையையும் நாம் சொல்லியாக வேண்டும். தென் மாநிலங்களின் பஞ்சாலைகளில் நூற்பு வேலை வெள்ளையருக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. கறுப்பினப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் வயல்களில் உழைத்தனர். இயக்கத்தின் பரப்புரை ஆலைப் பிள்ளைகளையே பெரிதும் முன்னிறுத்தியமையால், ஹைனின் தொகுதியில் கறுப்பினச் சிறுவர்களின் படங்கள் குறைவாகவே உள்ளன. 1938ஆம் ஆண்டுச் சட்டமும் வேளாண்மை வேலைக்கு விரிவான விலக்கு அளித்தது. ஏட்டில் ஏறாத முகம் சட்டத்தின் கண்ணுக்கும் தப்பிவிடுகிறது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

ஒரு பெயரின் வரலாறு

பெயர் எழுதுவதன் அருமையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1910 ஆகஸ்டில் வெர்மான்ட் மாநிலத்து வடக்குப் பவுனல் ஊரின் பஞ்சாலையில் ஹைன் ஒரு சிறுமியைப் படமெடுத்தார். கறை படிந்த மேலாடை; செருப்பில்லாத கால்கள்; பொறியின்மேல் ஊன்றிய மெலிந்த கை; நேரே நோக்கும் கண்கள். வயது பத்து என்று உடன் வேலை செய்த சிறுமியர் கூறினர். பன்னிரண்டு என்று அவள் கூறினாள். பள்ளி விடுமுறையில் வேலைக்கு வந்ததாகவும், இனி இங்கேயே இருக்கப்போவதாகவும் சொன்னாள்.

அப்படம் உலகப் புகழ் பெற்றது. 1998இல் அமெரிக்க அஞ்சல் துறை, நூற்றாண்டு நினைவு வரிசையில், குழந்தைத் தொழில் சீர்திருத்தத்தின் அடையாளமாக அதனை அஞ்சல்தலையில் பொறித்தது. ஆனால் அவள் யார் என்பது எவருக்கும் தெரியாது. ஆடி லெயர்டு என்ற பிழையான பெயரே நெடுங்காலம் வழங்கியமையால், தேடியவர்களுக்கு எந்த ஏட்டிலும் அவள் அகப்படவில்லை. அப்படத்தால் உந்தப்பெற்றுச் சிறுவர் புதினம் ஒன்றை எழுதிய எலிசபெத் வின்த்ராப் அம்மையார், 1910ஆம் ஆண்டு மக்கள்தொகைப் பதிவேட்டை ஆராய்ந்து, அவள் உண்மைப் பெயர் ஆடி கார்டு என்று கண்டார். வரலாற்றாய்வாளர் ஜோ மானிங் துணைசெய்ய, அவளுடைய பின்வாழ்வு துலங்கியது. அவள் சொன்ன வயதே மெய் என்பதும் தெரியவந்தது. ஆலையிலே வளர்ந்து, மணம் புரிந்து, துன்பங்கள் பல கண்டு, தொண்ணூறு வயதைக் கடந்து வாழ்ந்து, 1993இல் அப்பெருமாட்டி மறைந்தார். தம் இளமுகம் நாடெங்கும் அறியப்பட்டது என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. அஞ்சல்தலை வெளிவந்தபோது அவர் மறைந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன.

இரண்டு சொற்களில் ஒரு சொல் பிழைபட்டதால் ஒரு வாழ்வு முழுவதும் மறைந்திருந்தது. அச்சொல் திருந்தியதும் வாழ்வு வெளிப்பட்டது. பின்னர் மானிங், ஹைனின் பிற குறிப்புகளைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் வழித்தோன்றல்களைத் தேடிக் கண்டார். தம் பாட்டனாரோ பாட்டியாரோ சிறுவயதில் எப்படி இருந்தார் என்பதை முதன்முறையாக அப்படத்தில் கண்ட குடும்பங்கள் உண்டு. ஜேக்கப் ரீஸின் உறங்கும் சிறுவர்களுக்கு அவ்வாறு பேரர்களைத் தேட வழியில்லை.

ஹைனின் முடிவு இன்பமாக இல்லை. எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழும்பியபோது 1930, 1931ஆம் ஆண்டுகளில் அதன் உச்சியிலே தொழிலாளரைப் படமெடுத்த அவருக்கு, பின்னாளில் வேலை கிட்டவில்லை. கடனால் வீட்டை இழந்தார். மனைவியை இழந்த மறு ஆண்டு, 1940 நவம்பரில், வறுமையில் மறைந்தார். அவர் எடுத்த படங்களைப் பெற்றுக்கொள்ள நியூயார்க்கின் புகழ்பெற்ற நவீனக் கலைக்கூடமும் முன்வரவில்லை. ராச்செஸ்டர் நகரத்து ஈஸ்ட்மன் இல்லம் ஏற்றுக்கொண்டது. தேசியக் குழுவிற்காக அவர் எடுத்த ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட படங்கள் 1954இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தைச் சேர்ந்து, குறிப்புகளோடு அங்கே காக்கப்படுகின்றன.

நம் நாடும் நம் வீடும்

இவ்வரலாற்றைப் படிக்கையில் நம் நாட்டின் நினைவு எழாமல் இராது. 1881ஆம் ஆண்டு இந்தியத் தொழிற்சாலைச் சட்டம், ஏழு வயது நிரம்பாதவரை மட்டுமே ஆலைக்கு வெளியே நிறுத்தியது. ஏழு முதல் பன்னிரண்டு வரை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் உழைக்க இடந்தந்தது. விடுதலைக்குப்பின் நம் அரசியல் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டோரை ஆலையிலும் சுரங்கத்திலும் இடர்மிகு வேலையிலும் அமர்த்தலாகாது என்று விதித்தது. 1986இல் தனிச்சட்டம் வந்தது. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் சிறுவர் உழைப்பைப் பற்றி எழுந்த வழக்கில், 1996 டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி அமர்த்தும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேலைகொடுப்போர் 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்தவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டோரை எல்லா வேலைகளிலிருந்தும் விலக்கியது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. சட்டங்கள் இருந்தும், நாம் வாழும் பெருநகரங்களில் தேநீர் கொண்டுவரும் சிறுவனை நாம் 'சோட்டு' என்றே அழைத்துப் பழகிவிட்டோம். அவனுக்கு வீட்டில் இட்ட பெயர் ஒன்று இருக்கும். அதனைக் கேட்டறிவது சிறு செயல்தான். ஆயினும் ஹைன் தம் பணியைத் தொடங்கிய இடமும் அதுவே.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். வேலை நிமித்தம் வடக்கே வந்த குடும்பங்கள், குழந்தையின் முதலாண்டு நிறைவிலும், காதணி விழாவிலும், பள்ளியில் சேர்த்த நாளிலும் நிழற்படக் கூடத்திற்கு அழைத்துச் சென்று கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்து ஊரிலுள்ள பாட்டனார்க்கு அனுப்புவது அந்நாளைய வழக்கம். அப்படங்கள் இன்றும் பல வீடுகளில் தகரப் பெட்டியிலும் பழைய உறையிலும் கிடக்கின்றன. அவற்றுள் எத்தனை படங்களின் பின்புறத்தில் பெயரும் நாளும் ஊரும் எழுதப்பட்டுள்ளன? இது பெரியப்பாவா, அவர் தம்பியா என்று சொல்லவல்ல முதியவர் மறைந்ததும், அப்படத்திலுள்ள பிள்ளை எவர் பிள்ளையோ ஆகிவிடுகிறது. ஊரை விட்டு வந்த நமக்கு, அடையாளம் சொல்ல அக்கம்பக்கத்தாரும் இல்லை.

ஆதலின் நம் இல்லங்களில் உள்ள பெரியோரை அமரச்செய்து, படங்களை ஒவ்வொன்றாக அவர்கள் கையில் கொடுத்து, யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டு மென்மையான பென்சிலால் பின்புறத்தில் எழுதிவைத்தல் நம் தலைமுறை செய்யவேண்டிய கடமை. பெயரைப் பிழையின்றி எழுதுதல் அதனினும் பெரிய கடமை. ஒரு சொல் பிழைபட்டதால் அமெரிக்கா ஒரு பெண்மணியைத் தேடிக் கண்டுகொள்ளத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. நம் பிள்ளைகளை நம் பேரர்கள் அவ்வளவு காலம் தேடும்படி வைத்தல் வேண்டா.